பிசாசுக்குப் பாட்டில்லாத ஒலித்தட்டு

மன்னாரிலுள்ள அடம்பன் முதலான மாதோட்டத்துக் கத்தோலிக்கக் கிராமங்களிலே, விடியுமட்டும் மத்தளம் முழங்கும் கூத்துக்களிலும், தபசு காலத்தில் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகளின் வியாகுலப் பிரசங்கத்தை நெஞ்சுருகப் பாடும் ஓசையிலும் செவி பழகியவர்கள், விசுவாசம் மெல்லிய குரலிலேதான் பேசவேண்டும் என்று எண்ணியதேயில்லை. ஆதலால், கலிபோர்னியாவைச் சேர்ந்த ஸ்ட்ரைப்பர் என்னும் கிறிஸ்தவ றொக் குழு 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘டு ஹெல் வித் த டெவில்’ என்ற ஒலித்தட்டின் பேரொலி கேட்டு அமெரிக்கப் போதகர் சிலர் பதறியது எனக்கு விசித்திரமாகவே தோன்றுகிறது.

‘சாத்தான் நரகத்துக்கே போகட்டும்’ என்பது அத்தலைப்பின் கருத்து. மஞ்சளும் கறுப்புமாய்ப் பட்டையிட்ட உடை, இலச்சினையின் கீழே எசாயா ஆகமத்தின் 53ஆம் அதிகாரம் 5ஆம் வசனம் என்ற குறிப்பு, மேடையிலிருந்து சனத்திரளுக்குள் வீசப்பட்ட புதிய ஏற்பாட்டுப் பிரதிகள் ஆகிய இவையெல்லாம் பக்தர் பலருக்கு அபசாரமாகவும், றொக் விமர்சகர்களுக்குப் பரிகாசத்துக்கு உரியனவாகவும் பட்டன. தொலைக்காட்சிப் போதகரான ஜிம்மி ஸ்வாகர்ட், சமயப் போர்வை பூண்ட றொக் இசையை ஆட்டுத்தோல் போர்த்த ஓநாய் என்று கண்டித்து 1987இல் ஒரு நூலே வெளியிட்டார். நான்கு சம்மனசுகள், கிற்றார் ஏந்திய பிசாசை அக்கினிப் பாதாளத்தில் தள்ளுவதாகத் தீட்டப்பட்ட முதல் அட்டைப்படம் எதிர்ப்புக்குள்ளாகி, வெறுங் கறுப்பட்டை அதன் இடத்தைப் பிடித்தது. அத்தனைக்கும் நடுவே அமெரிக்காவில் மட்டும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயின.

சண்டையைச் சற்றே மறந்து சங்கீதத்துக்குச் செவி கொடுப்போம். குழுவினரான மைக்கல் ஸ்வீட்டும் ஒஸ் பொக்ஸும் வாசிக்கும் இரு கிற்றார்களில், ஒன்று ஒரு சங்கதியைப் பிடித்து ஏறும்போது மற்றொன்று மூன்றாம் சுரத்தில் நின்று அதே நடையில் கூடவே ஏறுகிறது. இரண்டும் உச்சியில் ஒருங்கே நின்று ஒருங்கே இறங்கும் அந்தக் கணத்தில், இரைச்சல் என்று இகழப்பட்டதற்குள்ளே எத்துணைக் கட்டுக்கோப்பு இருக்கிறது என்பது புலனாகும். மைக்கல் ஸ்வீட்டின் சாரீரமோ, மேல்ஸ்தாயிக்குப் போகப் போக மெலியாமல் கூர்மையே பெறுகிறது. பின்னணியில் பல குரல்கள் சுருதி பிசகாமல் அடுக்கடுக்காய் எழும் இடங்களில், கோவிலின் பாடகர் குழாம் நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியாது. (குழுவின் படங்களில் பேஸ் கிற்றார்க்காரராக நிற்பவர் டிம் கெயின்ஸ் என்றாலும், தட்டில் ஒலிக்கும் பேஸ் கிற்றார் பிராட் கொப் என்பவர் வாசித்தது, அவரையும் ரசிகர் நினைவுகூர்தல் நீதி.)

‘ஒனஸ்ட்லி’ என்னும் பியானோப் பாட்டைப் பற்றி எழுந்த ஆட்சேபம் வேறு வகையானது. அது ஆண்டவரைப் பாடுகிறதா, காதலியைப் பாடுகிறதா என்று தெளிவில்லை என்பதே குற்றச்சாட்டு. திருக்கோவையாரைக் காதலாகவும் பக்தியாகவும் ஒருசேரப் படித்து வந்த தமிழருக்கு இது குற்றமாய்ப் படாது. அந்த மயக்கமே அப்பாட்டின் அழகு என்று நான் துணிந்து சொல்வேன்.

உண்மையான குறை, போதகரும் விமர்சகரும் நோக்காத வேறோரிடத்தில் இருக்கிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1966இல் பதிப்பித்த மூவிராசாக்கள் நாடகம் போன்ற நம்மவர் கூத்துக்களில், அரசன் கொடியவனே ஆயினும் கட்டியகாரன் முன்வந்து அவன் வரவைக் கூற, வரவுப்பாட்டுடனும் ஆட்டத்துடனும் கம்பீரமாகவே சபை புகுவான். அவனுடைய ஆணவத்துக்கும் கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் நல்ல மெட்டையே கொடுப்பார். அதனாலேயே அவன் வீழ்ச்சி பார்ப்போர் நெஞ்சில் தைக்கிறது. இந்த ஒலித்தட்டிலோ பிசாசுக்கென்று கிடைத்தது, தொடக்கத்தில் ‘அபிஸ்’ என்ற பெயரில் ஒரு நிமிடத்துக்குச் சற்றே அதிகமாக ஒலிக்கும், சொல்லற்ற இருண்ட ஓசை மட்டுமே. அந்த ஓசை மயிர்க்கூச்செறிய வைக்கிறது என்பது மெய். ஆயினும் அதன்பின் அவன் வாய் திறக்கவேயில்லை. பேசாத எதிரியை அடுத்த பத்துப் பாட்டுக்களில் வெல்வதும், அவ்வெற்றியைக் கொண்டாடுவதும் இலகுவாகி விடுகின்றன. ‘சிங் எலோங் சோங்’ போன்ற பாட்டுக்கள் கேட்ட மாத்திரத்தில் இனித்து, கேட்டபின் மறைவதற்குக் காரணம் இதுவே.

இக்குறையோடும் இது கேட்கத் தகுந்த ஒலித்தட்டு என்பதே என் முடிபு. முதன்முறை கேட்பவர்கள் ‘அபிஸ்’ஸைத் தாண்டிச் செல்லாமல், அதனையும் அதனைத் தொடரும் தலைப்புப் பாட்டையும் இடைநிறுத்தாது ஒரே மூச்சில், ஒலியை நன்கு உயர்த்திக் கேட்பார்களாக.