கெடல்ஸ்டன் மாளிகையின் உள்ளமைப்பு: ஒரு மதிப்பீடு

கெடல்ஸ்டன் மாளிகை இங்கிலாந்தின் டெர்பிஷயர் பகுதியில் உள்ள 18ஆம் நூற்றாண்டு நாட்டுப்புற மாளிகை. இதைக் கட்டுவித்தவர் நத்தானியேல் கர்சன். இவரே பின்னர் முதலாம் ஸ்கார்ஸ்டேல் பிரபு ஆனார். மேத்யூ பிரெட்டிங்ஹாம், ஜேம்ஸ் பெயின் ஆகியோர் தொடங்கிய பணியை 1760 வாக்கில் ராபர்ட் ஆடம் ஏற்றார். ரோமில் பழங்காலக் கட்டடங்களை நேரில் கண்டு பயின்று திரும்பிய ஆடமின் தொடக்ககாலப் பணிகளில் இது முதன்மையானது. இதன் உள்ளமைப்புக்குக் கிடைத்துள்ள புகழ் நியாயமானதே. ஆனால், குடியிருக்கும் வீடு என்ற அளவில் இது எந்த அளவுக்குத் தேறும் என்ற கேள்வி 18ஆம் நூற்றாண்டிலேயே எழுந்துவிட்டது.

தூண்கூடமும் வட்டக்கூடமும்

வடக்கு வாயிலின் வெளிப்படிகளில் ஏறி உள்ளே நுழைபவர் முதலில் காண்பது பளிங்குக்கூடம். சுமார் 67 அடி நீளமும் 42 அடி அகலமும் கொண்ட இக்கூடத்தில் 20 அலபாஸ்டர் தூண்கள் கொரிந்திய முறையில் நிற்கின்றன. பக்கச் சுவர்களில் சன்னல்கள் இல்லை. வெளிச்சம் மேற்கூரையிலிருந்து இறங்குகிறது. சுவர் மாடங்களில் பழங்காலச் சிற்பங்களின் வார்ப்புகள் உள்ளன. விதானத்தின் சுதை வேலையைச் செய்தவர் ஜோசப் ரோஸ்.

இதை அடுத்து வருவது வட்டக்கூடம். 62 அடி உயரம் எழும் இதன் குவிமாடத்துக்கு ரோமின் பாந்தியன் கோவிலே முன்மாதிரி. செவ்வகத்திலிருந்து வட்டத்துக்கும், தூண் வரிசையிலிருந்து திறந்த வெளிக்கும் செல்லும் இந்த நகர்வுதான் ஆடமின் உண்மையான சாதனை. தனித்தனி அறைகளை அழகுபடுத்துவதோடு அவர் நிற்கவில்லை. நடந்து செல்பவரின் அனுபவத்தை வடிவமைத்தார். குளிர் காய்வதற்கான இரும்புக் கணப்புகளைக்கூடப் பலிபீட வடிவில் செய்து மாடங்களில் வைத்தார்.

கூடங்களின் கிழக்கே இசையறை, வரவேற்பறை, நூலகம் ஆகியவையும், மேற்கே சிறப்பு விருந்தினருக்கான படுக்கையறையும் உணவறையும் அமைந்துள்ளன. இசை, ஓவியம், இலக்கியம் என்று ஒரு பக்கத்தைக் கலைகளுக்கு ஒதுக்கிய திட்டம் தெளிவானது.

குடும்பம் எங்கே?

இத்தனை அறைகளும் விருந்தினருக்கும் பார்வையாளருக்கும் உரியவை. குடும்பம் வாழ்ந்தது கிழக்குப் பக்கக் கட்டடத்தில். சமையலறை இருந்தது மேற்குப் பக்கக் கட்டடத்தில். இரண்டையும் மைய மாளிகையோடு வளைந்த நடைவழிகள் இணைக்கின்றன. உணவறை மேற்கே இருப்பதால் விருந்து நாளில் இந்த ஏற்பாடு பொருந்தும். ஆனால் குடும்பத்தாரின் அன்றாட உணவு மாளிகையின் முழு அகலத்தையும் கடந்தே அவர்களிடம் சேர வேண்டும். மாதத்தில் சில நாள் வரும் விருந்துக்காகத் தினசரி வாழ்க்கை ஓரமாக ஒதுக்கப்பட்டது என்பதே இத்திட்டத்தின் பெருங்குறை.

வெளியிலும் இதே போக்கைக் காணலாம். மாளிகையின் அருகிலிருந்த கிராமம் அகற்றப்பட்டு வேறிடத்தில் அமைக்கப்பட்டது. பழைய தேவாலயம் மட்டும் எஞ்சியது. உழைப்பும் குடும்பமும் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்ற எண்ணம் உள்ளும் புறமும் ஒன்றே. அதே சமயம், 1769இலேயே இங்குள்ள ஓவியங்களுக்கும் சிற்பங்களுக்கும் அச்சிட்ட பட்டியல் இருந்தது. காண வந்தவர்களுக்கு வீட்டு மேலாளராக இருந்த பெண்மணி அறைகளைச் சுற்றிக் காட்டினார்.

ஜான்சனின் தீர்ப்பு

1777இல் பாஸ்வெல்லுடன் இங்கு வந்த அகராதி அறிஞர் சாமுவேல் ஜான்சன், இது நகர மன்றமாக இருக்க ஏற்றது என்றார். தூண்கூடத்தில் நீதிபதிகள் அமரலாம், வட்டக்கூடத்தில் நடுவர் குழு கூடலாம் என்பது அவரது கேலி. ஆடமின் அழகுணர்வுக்கு இதில் நியாயம் செய்யப்படவில்லை. ஆனால் கட்டடத்தின் இயல்பை ஜான்சன் சரியாகவே கண்டுகொண்டார்.

வரலாறு அவர் பக்கமே சாய்ந்தது. வெல்லெஸ்லி பிரபுவுக்காகச் சார்லஸ் வயாட் 1799 முதல் 1803 வரை கல்கத்தாவில் கட்டிய அரசு மாளிகைக்குக் கெடல்ஸ்டனின் திட்டமே மாதிரியாயிற்று. கெடல்ஸ்டனில் நான்கு பக்கக் கட்டடங்கள் திட்டமிடப்பட்டு இரண்டே எழுந்தன. கல்கத்தாவில் நான்கும் எழுந்தன. குடும்பத்துக்குப் பொருந்தாத திட்டம் ஆட்சி அதிகாரத்தின் காட்சிக்கு அப்படியே பொருந்தியது. 1859இல் கெடல்ஸ்டனில் பிறந்த கர்சன் பிரபு 1899இல் வைஸ்ராயாக வந்து குடியேறியதும் அந்தக் கல்கத்தா மாளிகையில்தான்.

மதிப்பீடு

கெடல்ஸ்டனின் உள்ளமைப்பை வசதிக் குறைவு என்ற ஒரே காரணத்தால் தள்ளிவிட முடியாது. ஒளி, அளவு, வரிசை ஆகியவற்றைக் கையாள்வதில் அது இன்றும் பாடமாக நிற்கிறது. ஆனால் அழகை மட்டும் படித்துவிட்டு, அது யாருக்காக அமைந்தது என்று கேளாமல் விடுவதும் பாதிப் படிப்பே. 1987 முதல் தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ள இம்மாளிகைக்குப் பொதுமக்கள் வந்து பார்த்துச் செல்கிறார்கள். பார்க்க வருபவர்களுக்கென்றே அமைந்த அறைகள் என்பதால், இந்த மாற்றத்தால் அவை இழந்தது மிகக் குறைவு.