கொலுப் பொம்மைச் சேகரிப்பு: நிறைகளும் குறைகளும்

கையால் செய்த கலைப்பொருள்களைத் தேடிச் சேர்ப்பது செல்வமும் ஓய்வும் வாய்த்த தனிமனிதர்களின் ஈடுபாடு என்றே பெரும்பாலும் கருதப்பட்டு வந்துள்ளது. ஆயினும் தென்னிந்தியாவில் எளிய வருவாயுடைய குடும்பங்களும் பல தலைமுறைகளாக வீட்டளவில் நடத்திவரும் ஒரு சேகரிப்பு மரபு உண்டு. நவராத்திரியின் ஒன்பது நாள்களிலும் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என ஒற்றைப்படை எண்ணிக்கையில் படிகள் கட்டி, அவற்றில் பொம்மைகளை அடுக்கி, உறவினரையும் அக்கம்பக்கத்தாரையும் அழைத்துக் காட்டும் கொலு வழக்கமே அது. தமிழ்நாட்டைப் போலவே ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் இவ்வழக்கம் வேரூன்றியுள்ளது. கொலுவைச் சமயச் சடங்காகப் பார்ப்பது வழக்கம். அதைக் கைவினைப் பொருள்களைத் தேர்ந்து வாங்கி, வகைப்படுத்தி, பாதுகாத்து, அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கும் ஒரு சேகரிப்பு முறையாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அம்முறை தரும் இன்பம் எத்தகையது, அதனால் கலையும் கலைஞரும் அடையும் பயன் என்ன, அது எங்கே தவறுகிறது என்பன இங்கே எடைபோடப்படுகின்றன.

ஒரு வீட்டின் கொலுத் தொகுப்பு பெரும்பாலும் மரப்பாச்சி இணையிலிருந்து தொடங்குகிறது. செம்மரத்தில் கடைந்து செதுக்கப்படும் இந்த ஆண், பெண் பொம்மைகள் திருமணத்தின்போது பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கொடுத்தனுப்பும் சீரில் இடம்பெறுவதால், ஒரு குடும்பத்தின் தொகுப்பு இன்னொரு குடும்பத்தின் தொகுப்புக்கு வித்தாகிறது. மேற்படிகளில் தெய்வ உருவங்களும் தசாவதாரம், அஷ்டலட்சுமி போன்ற தொகுதிகளும், அவற்றின் கீழே அடியார்களும் ஞானிகளும், அதற்கும் கீழே திருமண ஊர்வலம், கிராமச் சந்தை முதலிய மானிட வாழ்க்கைக் காட்சிகளும் வைக்கப்படுகின்றன. தானியங்களையும் பருப்புகளையும் பரப்பிக் கடை விரித்திருக்கும் செட்டியார் இணை கீழ்ப்படிகளில் தவறாது இடம்பெறும். படிகளுக்கு முன்னே தரையில் மணல் பரப்பி, கேழ்வரகோ கடுகோ தூவி முளைக்கவிட்டு, வீட்டுப் பிள்ளைகள் அமைக்கும் பூங்காவும் இத்தொகுப்பின் ஓர் உறுப்பே. ஆண்டுக்கு ஒரு பொம்மை புதிதாகச் சேர வேண்டும் என்பது பல வீடுகளில் கடைப்பிடிக்கப்படும் நியதி.

இந்த நியதியில்தான் கொலுச் சேகரிப்பின் முதல் நிறை அடங்கியிருக்கிறது. சேகரிப்பில் ஈடுபடுவோரைப் பொதுவாக ஆட்டிப்படைப்பது முழுமை பெற வேண்டும் என்ற வேட்கையாகும். ஒரு வரிசையில் விடுபட்ட ஒரு பொருளுக்காக உள்ளவற்றையெல்லாம் மறந்து அலையச் செய்வதும், தேவைக்கு மேல் குவிக்கச் செய்வதும் அதுவே. ஆண்டுக்கு ஒன்று என்ற அளவும், படிகளில் உள்ள இடத்தின் எல்லையும், பரணில் பெட்டி வைக்கும் வசதியும் சேர்ந்து அந்த வேட்கைக்குக் கரை கட்டுகின்றன. ஒன்றை மட்டும் வாங்கலாம் என்ற நிலையில் வாங்குபவரின் கண் கூர்மையடைகிறது. முகத்தின் சாயலையும் விரல்களின் நெளிவையும் புடவைக் கரையின் வர்ணத்தையும் நின்று நிதானித்துப் பார்த்து ஒப்பிடும் பழக்கம் இதனால் வளர்கிறது. மேலும், ஆண்டின் பெரும்பகுதி பழந்துணியிலும் செய்தித்தாளிலும் சுற்றிப் பெட்டிக்குள் இருந்த பொம்மைகள் புரட்டாசியில் ஒவ்வொன்றாக வெளிவரும்போது, அவற்றை வாங்கிய ஊரும் உடனிருந்த மனிதரும் நினைவில் எழுகின்றனர். ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1931இல் தம் நூலகத்தைப் பெட்டிகளிலிருந்து பிரிப்பதைப் பற்றி எழுதிய கட்டுரையில், சேகரிப்பவருக்குத் தம் பொருளோடு உள்ள உறவில் அதைப் பெற்ற தருணத்தின் நினைவுக்குப் பேரிடம் அளித்தார். அவர் நூல்களிடம் கண்ட அந்த உறவு கொலு வைக்கும் வீடுகளில் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது.

இரண்டாவது நிறை, பொருள்கள் தம் பயன்பாட்டிலிருந்து பிரிக்கப்படாமல் இருப்பது. கொழும்பில் பிறந்து, 1917 முதல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி, அருங்காட்சியகங்களில் உள்ள பழம்பொருள்களில் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு பயன் கருதியே செய்யப்பட்டவை என்றும், அப்பயனை மறந்து அழகை மட்டும் நுகர்வது அவற்றை அறிந்ததாகாது என்றும் வலியுறுத்தி வந்தார். இந்த அளவுகோலில் கொலு உயர்ந்து நிற்கிறது. இங்கே பொம்மை வழிபடப்படுகிறது, பாடலால் போற்றப்படுகிறது, கதை சொல்லப் பயன்படுகிறது, விஜயதசமி இரவில் அடையாளமாகப் படுக்க வைக்கப்படுகிறது. கார்ட்டூன் ஓவியர் சங்கர் 1965இல் புதுதில்லியில் நிறுவிய பன்னாட்டுப் பொம்மை அருங்காட்சியகம் போன்றவை கண்ணாடிக்கு அப்பால் நின்று காண வேண்டியவை. கொலுவிலோ பொம்மையைத் துடைத்துத் தூக்கி வைக்கும் பொறுப்பு பிள்ளைகளின் கைக்கும் வருகிறது. எதை வாங்குவது, எதை எங்கே வைப்பது, எந்தக் காட்சியைப் புதிதாக அமைப்பது என்ற முடிவுகளைப் பெண்களே எடுப்பதால், கலைத் தேர்வும் காட்சியமைப்பும் அவர்கள் பொறுப்பில் வளர்ந்த துறையாகவும் கொலு விளங்குகிறது. மறுவிற்பனைக்காகவோ முதலீடாகவோ யாரும் இப்பொம்மைகளைச் சேர்ப்பதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது.

மூன்றாவது நிறை பொருளாதாரம் சார்ந்தது. கடலூர் மாவட்டத்துப் பண்ருட்டி, மதுரையை அடுத்த விளாச்சேரி, காஞ்சிபுரம், சென்னையின் கொசப்பேட்டை ஆகிய இடங்களில் மண்பாண்டத் தொழிலை மரபாகக் கொண்ட குடும்பங்கள் பொம்மைத் தொழிலிலும் நிலைத்திருப்பதற்குக் கொலு ஒரு பெருங்காரணம். தஞ்சாவூரின் தலையாட்டிப் பொம்மைகளும், மென்மையான பொனிகி மரத்தில் செதுக்கப்படும் ஆந்திரத்தின் கொண்டபள்ளிப் பொம்மைகளும், அரக்கு வர்ணம் ஏற்றிக் கடையப்படும் கர்நாடகத்தின் சென்னபட்டணப் பொம்மைகளும் தமிழர் வீட்டுக் கொலுவில் இடம்பெறுகின்றன. ஒரு பொருளின் தன்மை அது தோன்றும் வட்டாரத்தோடு பிணைந்தது என்பதைச் சட்டப்படி ஏற்கும் புவிசார் குறியீடு இம்மூன்றுக்கும் கிடைத்துள்ளது. 1973இல் தொடங்கப்பட்டு, பூம்புகார் என்ற பெயரில் விற்பனை நிலையங்கள் நடத்தும் தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகம் நவராத்திரியை ஒட்டிக் கொலுப் பொம்மைக் கண்காட்சி நடத்துகிறது. தெய்வங்களுக்கு அருகே காந்தியும் நேருவும், கிராமச் சந்தைக்கு அருகே கிரிக்கெட் ஆட்டக்காரர்களும் இடம்பெறும் அளவுக்குப் பொம்மை வகைகள் பெருகியிருப்பதால், ஒரு பழைய கொலுத் தொகுப்பு அக்காலச் சமூகத்தின் விருப்பங்களைக் காட்டும் ஆவணமாகவும் அமைகிறது.

குறைகளுக்குச் செல்லும் முன், இப்பொம்மைகள் எந்த அளவுக்குக் கைவேலை என்பதை வரையறுக்க வேண்டும். மண் பொம்மை முழுவதும் விரலால் உருட்டிச் செய்யப்படுவதில்லை. முன்பாதி, பின்பாதி என இரண்டாகப் பிரிந்த அச்சுகளில் பிசைந்த மண்ணை அழுத்தி, இரண்டையும் ஒட்டி, பொருத்துவாயைத் தேய்த்து, நிழலில் உலர்த்திச் சூளையில் சுடுகிறார்கள். பின்னர் வெள்ளைப் பூச்சு கொடுத்து வர்ணம் தீட்டுகிறார்கள். காகிதத்தை ஊறவைத்து இடித்த கூழால் செய்யப்படும் பொம்மைக்கும் அச்சு தேவை. ஆகவே ஒரே அச்சில் பிறந்த பல பொம்மைகள் உருவில் ஒத்திருக்கும். ஆனால் முகத்துக்கு உயிர் தரும் கண்ணும் புருவமும் தூரிகை பிடித்த ஒருவரால் ஒவ்வொன்றிலும் தனித்தனியே எழுதப்படுவதால், இரண்டு பொம்மைகளின் பார்வை முற்றிலும் ஒன்றாக இருப்பதில்லை. அச்சின் பயன்பாடு விலையைக் குறைத்துக் கலையை எளியவர் வீட்டுக்கும் கொண்டுசேர்த்தது. தூரிகையின் வேலை தனித்தன்மையைக் காத்தது. இவ்விரண்டின் சமநிலையே கொலுப் பொம்மையின் கலை மதிப்பு. அச்சு மட்டும் எஞ்சி, தூரிகை வேலை தெளிப்பான் வர்ணத்துக்கு இடம்விடும்போது அந்த மதிப்பு சரிகிறது.

இம்மரபின் முதன்மையான குறை, செய்தவரின் பெயரை அது அறவே மறந்துவிடுவதாகும். எந்த ஆண்டு, எந்தக் கோயில் கடைத்தெருவில், யாருடன் சென்று வாங்கியது என்பதெல்லாம் ஒரு வீட்டில் மூன்று தலைமுறை வரை நினைவுகூரப்படும். அந்தக் கண்ணை எழுதியவர் யார் என்பதற்கு மட்டும் விடை இராது. பெயரின்மையையே கைவினையின் பெருமையாகக் கொள்ளும் கருத்து ஒன்று உண்டு. ஜப்பானில் மக்கள் கைவினை இயக்கத்தைத் தொடங்கி, 1936இல் டோக்கியோவில் அதற்கென ஓர் அருங்காட்சியகத்தை நிறுவிய யனாகி சோஎட்சு, தம் பெயரை நிலைநாட்ட எண்ணாத எளிய கைவினைஞர்களிடமிருந்தே உண்மையான அழகு பிறக்கிறது என்று வாதிட்டார். கலைஞன் தன்முனைப்பை விட வேண்டும் என்ற அளவில் அக்கருத்தில் உண்மை இருக்கிறது. ஆனால், பெயரைத் தானே துறப்பது ஒன்று, பிறர் அதைக் கேட்காமலே விட்டுவிடுவது வேறொன்று. வாங்குபவருக்குப் பெயர் தெரியாதபோது, நல்ல கைக்கும் அவசரக் கைக்கும் ஒரே விலையே பேசப்படுகிறது. இடைத்தரகரின் பங்கு கூடுகிறது. திறமைக்குத் தனி மதிப்பில்லாத தொழிலில் அடுத்த தலைமுறை தங்குவதற்கான காரணமும் குறைகிறது.

இதனோடு பிணைந்தது பருவகாலச் சிக்கல். விற்பனை சில வாரங்களுக்குள் ஒடுங்கிவிட, உழைப்போ பல மாதங்களுக்கு முன்பே தொடங்கியாக வேண்டியிருக்கிறது. மண், விறகு, வர்ணம் ஆகியவற்றுக்கு முன்கூட்டியே பணம் இறைக்க வேண்டும். மழை பெய்தால் பொம்மை உலராது. ஜிப்சம் என்னும் கனிமத்தைச் சூடாக்கிப் பொடித்துப் பெறும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மாவு இந்நெருக்கடியில் நுழைந்தது வியப்பன்று; நீர் கலந்து அச்சில் ஊற்றினால் சிறிது நேரத்தில் அது இறுகிவிடும், சூளை தேவையில்லை. செய்பவரின் நேரத்தை மிச்சப்படுத்தும் இப்பொருள் எளிதில் மூளி விழும், ஈரத்தைத் தாங்காது. குறைந்த விலையும் கூடுதல் பளபளப்பும் ஆண்டுக்கொரு புதுமையும் கேட்கும் வாங்குபவரின் மனப்போக்கே இந்த மாற்றத்தை வேகப்படுத்துகிறது என்பதை மறைக்கக் கூடாது. ஒரு பொம்மைக்காகக் காத்திருந்த மரபு ஒரே நாளில் முழுத் தொகுதியையும் வாங்கி அடுக்கும் நிலைக்கு மாறும்போது, முன்பு சுட்டிய கட்டுப்பாட்டின் பயனும் மறைகிறது.

பாதுகாப்பு முறையிலும் குறைகள் உள்ளன. உடைந்த தெய்வ உருவம் வீட்டில் இருக்கலாகாது என்ற நம்பிக்கையால், ஒரு விரல் போன பழம்பொம்மையும் நீர்நிலையிலோ மரத்தடியிலோ விடப்படுகிறது. கலை வரலாற்றுக்குச் சான்றாக நிற்கக்கூடிய பல படைப்புகள் இவ்வாறு அழிகின்றன. மங்கிய பொம்மைக்குப் புது எனாமல் வர்ணம் பூசும் பழக்கம், பழைய ஓவியரின் தூரிகைத் தடத்தை நிரந்தரமாக மூடிவிடுகிறது. மரப்பாச்சியின் நிலை வேறு வகையானது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கே உரிய செம்மரம் கடத்தலால் அருகிவிட, 1995 முதல் அழிவாய்ப்புள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கண்காணிக்கும் பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது. எனவே செம்மர மரப்பாச்சியையே கேட்டு வாங்குவதைக் காட்டிலும், வேறு மரத்தில் நேர்த்தியாகச் செதுக்கியதை ஏற்பதும், பாட்டி காலத்து இணையைப் பேணுவதும் பொறுப்புள்ள சேகரிப்பாகும்.

சமூக எல்லைகளையும் கணக்கில் கொள்ளாமல் இவ்வாய்வு நிறைவு பெறாது. கொலு நீண்ட காலம் பிராமணர் வீடுகளிலும் வேறு சில சமூகத்தார் வீடுகளிலுமே பெரிதும் வழங்கியது. சுமங்கலிப் பெண்களை மட்டும் அழைத்துத் தாம்பூலம் தரும் முறை, கணவரை இழந்த பெண்களை அவர்களே பேணி வளர்த்த தொகுப்பின் முன்னிருந்தும் விலக்கி வைத்தது. பொம்மை செய்து கொடுத்த குயவர் குடும்பத்துக்கும் அந்தக் கூடத்துக்கும் உள்ள உறவு பெரும்பாலும் விலை பேசுவதோடு முடிந்தது. இன்று இவ்வெல்லைகள் பல வீடுகளில் தளர்ந்துள்ளன என்பது உண்மை. தாமாகவே முற்றிலும் மறைந்துவிடும் என்று கருத இடமில்லை.

நிறையையும் குறையையும் ஒப்பிட்டு நோக்குகையில், குறைகளில் ஒன்றுகூட இம்மரபின் உயிர்நிலையைச் சார்ந்ததன்று என்பதும், நிறைகள் அனைத்தும் அதன் அமைப்பிலேயே ஊன்றியவை என்பதும் புலனாகின்றன. அளவோடு சேர்த்தல், ஆண்டுதோறும் எடுத்துப் பார்த்தல், பிறருக்குக் காட்டி மகிழ்தல் ஆகிய மூன்றும் எந்தக் கைவினைச் சேகரிப்புக்கும் முன்மாதிரியாகத் தக்கவை. திருத்தப்பட வேண்டியது செய்தவரோடு உள்ள உறவே. புதிதாக வாங்கும் ஒவ்வொரு பொம்மையின் அடியிலும் செய்தவர் பெயர், ஊர், ஆண்டு, விலை ஆகிய நான்கையும் பென்சிலால் எழுதிவைப்பதற்குச் செலவு ஏதுமில்லை. இயன்றவர்கள் பண்ருட்டிக்கோ விளாச்சேரிக்கோ பருவம் தொடங்கும் முன்பே நேரில் சென்று, மண்ணிலோ காகிதக் கூழிலோ செய்ததைக் கேட்டு, முன்பணம் கொடுத்து வாங்கலாம். உடைந்த பழம்பொம்மையைப் படியில் வைக்க மனமில்லாவிட்டாலும் பெட்டியில் காக்கலாம். கொலுவுக்கு அழைக்கப்படுவோரின் வட்டத்தில் விலக்கப்பட்டவர்களையும் பொம்மை செய்தவர்களையும் சேர்க்கலாம். படியில் இருக்கும் பொம்மையைச் செய்த கைக்கு உரிய பெயரும் கூலியும் மதிப்பும் சென்று சேரும்போதுதான், அதைச் சேர்த்து வைப்பதில் பெறும் மகிழ்ச்சி அறத்தோடு பொருந்திய மகிழ்ச்சியாகும்; கொலு வைக்கும் ஒவ்வொரு குடும்பமும் வரும் நவராத்திரியிலேயே இதைத் தொடங்க வேண்டும்.