ஒளித்தட்டும் உடைமையுரிமையும்

வீட்டுப் பார்வைக்கென வெளியிடப்படும் தொலைக்காட்சித் தொடரை மாற்றமற்ற பிரதியாகக் கொண்டே விமர்சகர் பலர் ஆராய்கின்றனர். இவ்வெடுகோளை நாம் ஏற்பதற்கில்லை.

1978 முதல் 1982 வரை ஐக்கிய அமெரிக்காவில் சீ.பீ.எஸ். ஒளிபரப்பிய ‘டபிள்யூ.கே.ஆர்.பி. இன் சின்சினாட்டி’ தக்கதொரு சான்று. நலிவுற்ற வானொலி நிலையமொன்று றொக் இசைக்கு மாறுவதிலிருந்தே அதன் கதை தொடங்குகிறது. ஆங்கு ஒலிக்கும் பாடல்கள் வெறும் அலங்காரமல்ல. பாத்திரங்களின் இயல்பையும் காலத்தின் உணர்வோட்டத்தையும் புலப்படுத்துவன அவையே. ஆயின், அவற்றைப் பயன்படுத்தும் உரிமை வரையறுத்த காலத்துக்கே பெறப்பட்டிருந்தது. 2007இல் முதற் பருவம் டீ.வீ.டீ.யாக வந்தபொழுது பாடல்கள் பல நீக்கப்பட்டு, அவற்றினிடத்தில் மலிவான மாற்றிசை புகுத்தப்பட்டது. 2014இல் பிறிதொரு நிறுவனம் பெரும்பாலானவற்றை மீட்டது, அனைத்தையுமன்று. இசைபற்றிய தொடரிலிருந்தே இசையை அகற்றியது தணிக்கையாளரல்லர், உடைமையுறவு.

டீ.வீ.டீ. முறை உலகையும் சந்தை வலயங்களாகக் கூறிட்டது. யப்பானும் பிரித்தானியாவும் ஒரே வலயம். பிரித்தானியாவும் கனடாவும் வெவ்வேறு. (புவியியல் எத்துணைப் பணிவானது!) ஒரு வலயத்தின் தட்டு மறுவலயக் கருவியில் இயங்காதவாறு பூட்டப்பட்டது. ஆகவே, ஒரே தொடரைப் பார்த்ததாகக் கூறும் இருநாட்டார் ஒரே பிரதியைப் பார்த்தனர் என்பதற்கு உறுதியில்லை.

பாடபேதம் நோக்காத சங்கநூற் பதிப்பை ஏற்க மறுக்கும் ஆய்வுலகு, ஆண்டும் வலயமும் சுட்டாத தொலைக்காட்சி விமர்சனத்தை மட்டும் எங்ஙனம் ஏற்கிறது?