யார் அந்தச் ‘சிலர்’?

தமிழில் கட்டுரை எழுதுகிற எல்லோருக்கும் பரிச்சயமான ஓர் ஆசாமி உண்டு. பெயர் ‘சிலர்’. ஊர், பேர், முகவரி எதுவும் கிடையாது. கட்டுரையின் நாலாவது பாராவில் தலைகாட்டி, ஒரே ஒரு வாக்கியம் பேசிவிட்டு, அடுத்த வரியிலேயே உதை வாங்கிக்கொண்டு போய்விடுவார். ‘இது நடைமுறைக்கு ஒவ்வாது எனச் சிலர் கூறுவர். அஃது அறியாமையே.’ தீர்ந்தது வழக்கு. வாதி, பிரதிவாதி, நீதிபதி மூவரும் ஒருவரே என்பதால் தீர்ப்பு தாமதமாவதில்லை.

இந்தச் ‘சிலர்’ யார், நிஜமாகவே அப்படிச் சொன்னார்களா, எப்போது யோசித்திருக்கிறீர்கள்?

நான் யோசித்தது ஒரு கட்டுரைக் கட்டைத் திருத்தும்போது. அம்பத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் போட்டி. தலைப்பு, ‘ஏரிகளைக் காப்போம்’. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையின் மேற்குப் புறநகர்களில் இந்தத் தலைப்புக்குத் தனி மவுசு. பிள்ளைகள் நன்றாகவே எழுதியிருந்தார்கள். நீரின் பெருமையில் ஆரம்பித்து, மன்னர்கள் ஏரி வெட்டியதைச் சொல்லி, ‘பேராசை பிடித்த சிலர்’ ஏரியை விழுங்கியதற்கு வருந்தி, ‘விழித்தெழுவோம்’ என்று முடித்திருந்தார்கள். எல்லாம் கைடில் இருக்கும் சட்டகம்தான்: முன்னுரை, பொருளுரை, முடிவுரை. மறுப்புரை என்று ஒரு தலைப்பு அதில் கிடையாது.

ஒரு பெண்ணின் தாளில் மட்டும் ஒரு வரி அடிக்கப்பட்டிருந்தது. அடித்ததற்குக் கீழே படிக்க முடிந்தது. ‘எங்கள் வீடும் ஏரி இருந்த இடத்தில்தான் இருக்கிறது, அப்பா லோன் போட்டு வாங்கினார்.’ அடுத்த வரியிலிருந்து மற்ற எல்லோரையும்போல விழித்தெழ ஆரம்பித்துவிட்டாள்.

அந்தக் கட்டு முழுவதிலும் உயிருள்ள எதிர்க்கட்சி அந்த ஒரு வரிதான். மார்க் குறையும் என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும், அல்லது தானே பயந்திருக்க வேண்டும். என் புகார் அவள் மேல் இல்லை. தினசரிகளின் நடுப்பக்கத்தில் எழுதும் பெரியவர்களும் அந்த வரியை அடித்துவிட்டுத்தானே எழுதுகிறோம்?

இத்தனைக்கும் நமக்கு இது புதுசு இல்லை. எதிராளிக்கு மைக்கைக் கொடுத்துவிட்டு, அவன் முடித்த பிறகு பேசுவது இங்கே இலக்கணமாகவே இருந்தது. பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் நூலாசிரியன் கொள்ளக்கூடிய ஏழுவகை மதங்களைச் சொல்கிறார். மதம் என்றால் இங்கே கொள்கை, நிலைப்பாடு. அதில் ஒன்று, பிறர் கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு அதை நீக்குவது. ‘முதலில் ஏற்றுக்கொண்டு’ என்ற பகுதியைக் கவனியுங்கள். நாம் நேராக நீக்கலுக்குப் போய்விடுகிறோம்.

உரையாசிரியர்கள் இன்னும் சுவாரசியம். இறையனார் அகப்பொருள் உரையைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் கடாவும் விடையும்தான். கடா என்றால் கேள்வி. பக்கத்தில் ஒரு முரட்டு மாணவன் உட்கார்ந்திருப்பதுபோல, அவன் என்னவெல்லாம் கேட்பானோ அதை உரைகாரரே கேட்டு, ‘எனின்’ என்று ஒரு சொல் போட்டுவிட்டுப் பதில் சொல்கிறார்.

அருணந்தி சிவாச்சாரியார் 13-ம் நூற்றாண்டுக்காரர். அவருடைய சிவஞான சித்தியாரில் இரண்டு பகுதிகள். சுபக்கம் தன் கட்சி, பரபக்கம் பிறர் கட்சி. புத்தக வரிசையில் பரபக்கம்தான் முதலில்! உலகாயதன் தொடங்கிப் பாஞ்சராத்திரி வரை பதினான்கு தரப்புகளை வரிசையாக உட்காரவைத்து, ஒவ்வொருவர் மதத்தையும் சொல்லி, அப்புறம் மறுதலை எழுதுகிறார். தன் சைவ சித்தாந்தத்தைச் சொல்ல வருவதற்குள் பாதி புத்தகம் எதிராளிகளுக்குப் போய்விட்டது. இன்றைய எடிட்டராக இருந்தால் ‘சார், மேட்டருக்கு வாங்க’ என்று கத்தரித்திருப்பார்.

மேற்குப் புறநகர்வாசிகளுக்கு ஒரு உள்ளூர்ச் செய்தி. பூந்தமல்லி, திருக்கச்சி நம்பியின் ஊர். காஞ்சி வரதராஜப் பெருமாளோடு பேசுகிறவர் என்று பெயர் வாங்கியவர். ராமானுஜர் தன் மனசிலிருந்த சந்தேகங்களைக் கேட்டு அனுப்பியது இவர் மூலமாகத்தான். ஆறு வார்த்தைகளாகப் பதில் வந்தது என்பது வைணவ மரபு. அந்த ராமானுஜர் பின்னால் ஸ்ரீபாஷ்யம் எழுதும்போது என்ன செய்தார்? ஆரம்பத்திலேயே அத்வைதத்தின் வாதத்தை நீளமாக, அத்வைதிகளே தலையாட்டும்படி எடுத்துவைத்தார். அந்தப் பகுதிக்கு ‘மகா பூர்வபட்சம்’ என்றே பெயர். அதற்குப் பிறகுதான் மகா சித்தாந்தம். பூர்வபட்சம் சோனியாக இருந்தால் சித்தாந்தமும் சோனிதான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பூந்தமல்லியைத் தாண்டினால் திருமழிசை. அந்த ஊர் ஆழ்வார் சமணம், பௌத்தம், சைவம் என்று ஒவ்வொன்றாக உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வைணவத்துக்கு வந்தார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. எதிர்க்கட்சியில் உறுப்பினராகவே இருந்து பார்ப்பது கொஞ்சம் அதிகப்படிதான்.

எதிராளியை எடுத்துச்சொல்வதால் என்ன லாபம் என்று கேட்டால் ஒரு விசித்திரமான லாபம் சொல்கிறேன். குண்டலகேசி என்ற பௌத்த காப்பியம் நமக்கு முழுசாகக் கிடைக்கவில்லை. அதை மறுக்கக் கிளம்பிய சமண நூலான நீலகேசி உரையோடு கிடைத்து, 1936-ல் பேராசிரியர் சக்கரவர்த்தி நயினார் பதிப்பித்தார். இன்று குண்டலகேசி என்ன வாதம் செய்தது என்று அறிய நீலகேசியின் வாசலில்தான் நிற்க வேண்டும். ஆசீவகர்கள் கதை இன்னும் மோசம். அவர்களுடைய சொந்த நூல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஏ.எல். பாஷம் 1951-ல் அவர்களைப் பற்றி ஆராய்ச்சிப் புத்தகம் போட்டபோது அவருக்குக் கைகொடுத்த முக்கியச் சாட்சிகளில் மூன்று தமிழ் நூல்கள்: மணிமேகலை, நீலகேசி, சிவஞான சித்தியார். மூன்றுமே மாற்று முகாம். ஆயிரம் வருஷம் கழித்து ஒருவன் கொள்கையை எதிரியின் புத்தகத்திலிருந்து மீட்க முடிகிறது என்றால், எதிரி எவ்வளவு சிரத்தையாகக் குறிப்பெடுத்திருக்க வேண்டும்! நம் நடுப்பக்கக் கட்டுரைகளை வைத்து நம் எதிராளிகளை யாராவது மீட்டெடுத்தால், அவர்கள் அனைவரும் மூளையில்லாத பிராணிகள் என்ற முடிவுக்குத்தான் வருவார்கள்.

பழசை ரொம்பப் புகழவும் வேண்டாம். நீலகேசியில் வாதத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் தோற்கத்தான் வருகிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் வசனம் எழுதுவது ஒரே ஆள். ராமானுஜரின் பூர்வபட்சமும் ராமானுஜர் கையெழுத்துதான். இந்தச் சிக்கலுக்கு எனக்குத் தெரிந்து சரியான தீர்வு கண்டவர் அம்பேத்கர். 1936-ல் லாகூர் மாநாட்டுக்காக எழுதி, பேச விடாமல் போன உரையைத் தன் செலவில் ‘சாதி ஒழிப்பு’ நூலாக அச்சிட்டார். காந்தி ஹரிஜன் பத்திரிகையில் அதை விமர்சித்து எழுதினார். 1937-ல் இரண்டாம் பதிப்பு போட்டபோது அம்பேத்கர், காந்தியின் விமர்சனத்தைக் காந்தியின் வார்த்தைகளிலேயே புத்தகத்தில் சேர்த்து, அதற்குக் கீழே தன் பதிலை வைத்தார். ‘காந்தி என்ன சொல்ல வருகிறார் என்றால்...’ என்ற வேலையே இல்லை. வாசகன் இரண்டையும் படித்துக்கொள்ளட்டும். பதிலும் ஒன்றும் மென்மையானது இல்லை. எதிராளிக்கு இடம் கொடுப்பதும் எதிராளியிடம் குழைவதும் வேறு வேறு சமாசாரம்.

சார்லஸ் டார்வினும் இந்த ஜாதிதான். 1859-ல் வந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் ஓர் அத்தியாயம் முழுக்கத் தன் கொள்கைக்கு இருக்கும் இடைஞ்சல்களையே பட்டியல் போட்டார். தனக்கு எதிரான தகவல் கண்ணில் பட்டால் உடனே குறித்துக்கொள்வாராம். சாதகமானது நினைவில் நிற்கும், பாதகமானது நழுவிவிடும் என்று சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். உங்களுக்கும் எனக்கும்கூட அப்படித்தான். என்ன, நாம் நழுவட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

சரி, ஏரிக்கு வருவோம். மேற்படி தலைப்பில் ‘சில’ரை அனுப்பிவிட்டு, நிஜமான எதிராளியைக் கூப்பிட்டு உட்காரவைத்தால் அவர் என்ன பேசுவார்?

‘ஐயா, ஏரியில் வீடு கட்டியது நான் மட்டுமா? வீட்டுவசதி வாரியமே முகப்பேரில் மனை போட்டு விற்றது. அந்த இடத்துக்குப் பெயரே ஏரித் திட்டம். நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா இருக்கிறது, ஏரி எங்கே? நான் பத்திரம் பதிந்தேன், வரி கட்டுகிறேன், ஈ.பி. கார்டு இருக்கிறது. வாங்கிக்கொள்ளும்போது யாருக்கும் இது ஏரியாகத் தெரியவில்லை. 60-களில் எஸ்டேட் ஆரம்பித்து வேலைக்கு எங்களைக் கூப்பிட்டீர்கள். எங்கே குடியிருப்பது என்று சொன்னீர்களா? இடிக்க வந்தால் முதலில் குடிசைக்குத்தானே வருகிறீர்கள்?’

படித்ததும் கொஞ்சம் தடுமாறுகிறதல்லவா? கட்டுரைக்கு நல்ல சகுனம். எதிராளியின் பாராவை அவரிடமே காட்டினால் ‘ஆமாம், இதைத்தான் சொன்னேன்’ என்று கையெழுத்துப் போடவேண்டும். அதுவரை பதில் எழுத உட்காரக் கூடாது.

பதில் எழுதும்போது முதலில் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட வேண்டும். அரசே ஏரிகளில் கட்டியது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிறகு: ஆனால், அரசு செய்த தப்பு தண்ணீருக்குத் தெரியாது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி கொரட்டூர் ஏரிக்குப் போக வேண்டும். போகிற வழியில் வாரிய வீடு இருக்கிறதா, புறம்போக்குக் குடிசை இருக்கிறதா என்று அது விசாரிப்பதில்லை. பாசன வயல்கள் போய்விட்டன, இனி ஏரி எதற்கு என்பார்கள். வயல் போய் சிமென்ட் வந்ததால்தான் மழைத் தண்ணீர் முன்னைவிட வேகமாக ஓடிவருகிறது, அதைத் தாங்க ஏரி முன்னைவிட அதிகம் வேண்டும். பத்திரம் இருக்கிறதே? பத்திரப் பதிவு ஒரு பரிமாற்றம் நடந்ததைப் பதிவு செய்கிறது, நிலத்தின் உரிமைக்கு அது உத்தரவாதம் இல்லை. இதைச் சொல்லும்போதே, இந்த விவரம் லோன் போட்டு வாங்கியவருக்கு யாரும் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இல்லாவிட்டால் அது வக்கீல் நோட்டீஸ், கட்டுரை இல்லை.

எல்லா எதிர்ப்புக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஏரியில் தண்ணீர் நின்றால் கொசு வரும் என்பவருக்கு ஒரு பாரா ஒதுக்குவது காகித விரயம். டி.வி. விவாதத்தில் நாலு ஜன்னலில் நாலு பேரைக் கத்தவிடுவதைச் சிலர் (பார்த்தீர்களா, எனக்கும் வந்துவிட்டது) இரு தரப்பையும் கேட்பதாக நினைக்கிறார்கள். இருப்பதிலேயே பலமான எதிராளி ஒருவர் போதும். அவரைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை, அதுவும் அவர் பெரும்பாலும் நம் தெருவிலேயே, சமயத்தில் நம் வீட்டுக்குள்ளேயே இருப்பார்.

அவர் கேட்பதில் ஒன்றிரண்டுக்கு நம்மிடம் பதில் இருக்காது. 2007-ல் தமிழக அரசு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் கொண்டுவந்தது. அளப்பது, நோட்டீஸ் கொடுப்பது, அகற்றுவது என்று அதில் வழி இருக்கிறது. ஏரி என்று தெரியாமல் வாழ்நாள் சேமிப்பைப் போட்டவருக்கு மனையை விற்றவன் எங்கே, பணத்துக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், ‘ஏரிகளைக் காப்போம்’ எழுதும் நான் என்ன சொல்வது? நஷ்ட ஈடு என்று ஒரு வார்த்தையைப் போட்டு நகர்ந்துவிடலாம். அல்லது, இந்த ஒரு கேள்வியில் அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்று எழுதிவிட்டு, அப்படியும் ஏரி வேண்டும் என்று ஏன் சொல்கிறேன் என்பதை அடுத்த வரியில் ஆரம்பிக்கலாம்.