மூன்று எண்களும் ஒரு வீடும்

"ஐ5, எட்டு, ஐந்நூத்திப் பன்னெண்டு." மூன்று ஆண்டுகளுக்கு முன் திருநெல்வேலியில் ஒரு ஷோரூமில் நின்றபடி அத்தான் போனில் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். அக்கா மகளுக்கு சிவில் இன்ஜினியரிங்கில் இடம் கிடைத்திருந்தது. அவளுக்கு லேப்டாப் வாங்கப் போயிருந்தார்கள். "வாங்கலாமா?" என்று கேட்டார். "நல்ல கான்ஃபிகரேஷன்தான் அத்தான், வாங்கிடுங்க" என்றேன். இரண்டாம் ஆண்டு முடிகிற நேரத்தில் அவளே அழைத்தாள். "மாமா, ரெவிட்ல கட்டட மாடலத் திறந்தா அப்படியே நின்னுருது. ராம் கூட்டலாம்னு கடைக்குப் போனேன். இதுல கூட்டவே முடியாதாம், போர்டுலயே ஒட்டி வர்றதாம்." அன்று போனில் நான் கேட்டிருக்க வேண்டியது, இதில் அவள் என்ன வேலை செய்யப் போகிறாள் என்பதை. கேட்கவில்லை. மூன்று எண்களே போதும் என்று இருந்துவிட்டேன்.

நம் வீடுகளில் கம்ப்யூட்டர் வாங்கும் வழக்கம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. குடும்பத்தில் 'விஷயம் தெரிந்த' ஒருவர் இருப்பார். கடையிலிருந்து அவருக்கு அழைப்பு போகும். பிராசசர், ராம், எஸ்எஸ்டி என்ற மூன்றுக்குமான எண்கள் சொல்லப்படும். அவர் சரி என்றால் பில் போடப்படும். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தால் பல வீடுகளுக்கு முதல் கணினி தேர்வு செய்யாமலே வந்து சேர்ந்தது. அடுத்த கணினியைத் தாங்களே தேர்ந்தெடுக்க வேண்டிவந்தபோது, அந்த வீடுகளுக்குக் கைகொடுத்ததும் இந்த மூன்று எண்கள்தான். அதனால் இந்த வழக்கத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. அது எதைச் சரியாகச் செய்கிறது, எங்கே வழுக்குகிறது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதல் நன்மை, பேரம் பேச ஒரு பொதுமொழி கிடைத்தது. "இது நல்லா ஓடும் சார்" என்ற விற்பனையாளரின் ஒற்றைச் சொல்லை நம்பி வாங்கிய காலம் ஒன்று இருந்தது. எண்கள் பழகிய பிறகு சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் கேட்ட விலையை அடுத்த கடையில் ஒப்பிட முடிகிறது; அதையே இணையத்தில் சரிபார்க்க முடிகிறது. பில்லில் எண் இருப்பதால் வேறொன்றை மாற்றிக் கொடுப்பதும் கடினம். கம்ப்யூட்டர் பற்றி எதுவும் தெரியாத தாயும் தகப்பனும்கூட ஒரு துண்டுத் தாளோடு கடைக்குப் போய் ஏமாறாமல் திரும்ப முடிந்தது. சிறிய காரியமில்லை இது.

இரண்டாவது நன்மை எஸ்எஸ்டியால் வந்தது. பழைய ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு வட்டு நிமிடத்துக்கு 7,200 முறை, பல லேப்டாப்புகளில் 5,400 முறை, சுழல்கிறது. கேட்ட தகவல் எந்த இடத்தில் இருக்கிறதோ அங்கே ஊசிபோன்ற தலை நகர்ந்து போய், அந்த இடம் சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒருமுறை தேட ஏறக்குறைய 10 மில்லிவினாடி ஆகும். எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை. அதற்கு அந்த நேரத்தில் நூறில் ஒரு பங்கு போதும். விண்டோஸ் திறக்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான சிறுதேடல்கள் நடக்கின்றன. அதனால்தான் அப்பாவின் பழைய டெஸ்க்டாப்பில் வட்டை எடுத்துவிட்டு ஓர் எஸ்எஸ்டியை மாட்டியபோது, பிராசசரைத் தொடாமலே அது புது மிஷின் போல ஆனது. 'எஸ்எஸ்டி இருக்கா?' என்ற கேள்வி எல்லார் வாயிலும் வந்தது இந்த வழக்கத்தின் மிகப் பெரிய வெற்றி.

மூன்றாவது, அது ஓர் அடித்தளத்தைப் போட்டுக் கொடுத்தது. விண்டோஸ் 11-க்கு 4 ஜிபி ராம் போதும் என்கிறது மைக்ரோசாஃப்ட்டின் குறைந்தபட்சத் தேவைப் பட்டியல். ஓடும், ஆனால் பிரவுசரில் பத்து டேப் திறந்தால் திணறும். 'எட்டுக்குக் கீழே வாங்காதே' என்று சொந்தக்காரர்கள் சொன்ன சொல் எத்தனையோ வீடுகளைக் காப்பாற்றியிருக்கிறது.

இனி குறைகள். மூன்றில் முதலாவதாக வரும் 'ஐ5' ஓர் அளவே இல்லை, இன்டெல் நிறுவனச் சில்லுகளின் ஒரு குடும்பப் பெயர். ஐ5-1235யூ என்ற சில்லில் 10 கோர்கள். ஐ5-12450ஹெச் என்பதில் 8 கோர்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் முன்னதுதான் பெரிது. ஆனால் முன்னதில் வேகமான கோர்கள் 2 மட்டுமே, மீதி எட்டும் மின்சாரத்தைச் சேமிக்கும் சிறிய கோர்கள். பின்னதில் வேகமான கோர்கள் 4. அடிப்படை மின்தேவை முன்னதுக்கு 15 வாட், பின்னதுக்கு 45 வாட். பேட்டரி நீடிக்க வேண்டும், பையில் எடை கூடாது என்றால் 'யூ' சரி. மணிக்கணக்கில் வீடியோ எடிட் செய்யவோ கட்டட மாடல் வரையவோ 'ஹெச்' சரி. இரண்டும் 'ஐ5' என்ற ஒரே பெயரில் விற்கின்றன.

ஏஎம்டி நிறுவனத்தின் பெயர்களில் இது இன்னும் சிக்கல். ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ இரண்டும் '7000 சீரிஸ்' என்று பக்கத்துப் பக்கத்தில் அடுக்கப்பட்டிருக்கும். முன்னது 4 கோர். அதன் உள்வடிவமைப்பு 2019-இல் வந்த ஜென் 2. பின்னது 6 கோர். அடுத்த தலைமுறையான ஜென் 3. இதைக் காட்டிக்கொடுப்பது நான்கு இலக்கங்களில் மூன்றாவது மட்டுமே. கடையில் அதை யாரும் சொல்ல மாட்டார்கள், வாங்குபவருக்கும் தெரியாது.

இரண்டாவது குறை, இந்த எண்கள் இன்றைய நிலையை மட்டும் சொல்கின்றன. நாளைக்கு மாற்ற முடியுமா என்பதைச் சொல்வதில்லை. அக்கா மகளுக்கு நேர்ந்தது இதுதான். மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ராம் தனிப் பட்டையாக இருப்பதில்லை, மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். மேலே சொன்ன 7520யூ சில்லோ அப்படிப்பட்ட ராமோடு மட்டுமே வேலை செய்யும். 8 ஜிபி என்றால் அதன் ஆயுள் முழுக்க 8 ஜிபிதான். ரெவிட்டின் அண்மைப் பதிப்புகளுக்குத் தொடக்க நிலையிலேயே 16 ஜிபி வேண்டும் என்கிறது அதைத் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க். 'எவ்வளவு ராம்?' என்று கேட்டவர்கள், 'எத்தனை ஸ்லாட், அதில் எத்தனை காலி?' என்றும் கேட்டிருந்தால் அவளுடைய லேப்டாப் இன்னும் மூன்று ஆண்டு உழைத்திருக்கும்.

மூன்றாவது, கண்ணும் கையும் தொடுகிற எதுவும் இந்த எண்களுக்குள் இல்லை. 15.6 அங்குலத் திரையில் 1366 × 768 புள்ளிகள் இருந்தால் தமிழ் எழுத்துகளின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. சிறிய எழுத்தில் 'ணு', 'ஞூ' போன்றவற்றைப் பிரித்துப் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது. அதே அளவுத் திரையில் 1920 × 1080 புள்ளிகள் என்றால் அந்தச் சிரமம் பெரிதும் குறைகிறது. 250 நிட்ஸ் வெளிச்சமுள்ள திரை மூடிய அறைக்குப் போதும். ஜன்னலோர மேசையில் வெயில் பட்டால் எதுவும் தெரியாது. வண்ணத்துக்கு '45 சதவீத என்டிஎஸ்சி' என்று போட்டிருக்கும் திரையில் சிவப்பு வெளிறித் தெரியும். பாடம் படிப்பவருக்கு அது பொருட்டில்லை, கல்யாண ஆல்பம் வடிவமைப்பவருக்கோ அதுதான் பிழைப்பு.

வெப்பமும் அப்படித்தான். பல லேப்டாப்புகள் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான அறை வெப்பத்தில் இயங்கும்படி வடிவமைக்கப்பட்டவை. மே மாதத்தில் ஏசி இல்லாத மாடி அறையில் வெப்பம் அந்த வரம்பைக் காலை பதினொரு மணிக்கே தாண்டிவிடும். சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கிய எண் அங்கே பாதியாகிறது. கட்டில்மேல் மெத்தையில் வைத்தால் காற்றுத் துவாரமும் அடைபட்டுப் போகும்.

நான்காவது குறை, இந்த வழக்கம் லேப்டாப் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. வீட்டை விட்டு நகராத கம்ப்யூட்டருக்கு அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் இன்றும் நல்ல தேர்வு. கடைக்காரர் எழுதித் தரும் கொட்டேஷனைக் கையில் வாங்கிப் பாருங்கள். பிராசசர் ஒரு வரி, மதர்போர்டு ஒரு வரி, ராம், எஸ்எஸ்டி, மானிட்டர் என்று ஒவ்வொன்றும் விலையோடு தனித்தனியாக நிற்கும். எதை வேண்டுமானாலும் கூட்டலாம், குறைக்கலாம். ஐந்து வருடம் கழித்து ஒரு பாகத்தை மட்டும் மாற்றலாம். லேப்டாப்பில் இந்தத் தெளிவு கிடைக்காது.

ஆனால் அதே தாளில் 'கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ்' என்று ஒரு வரி இருக்கும். மற்ற வரிகளில் மாடல் எண் இருக்க, இந்த வரியில் மட்டும் பல நேரங்களில் எதுவும் இருக்காது. மின்சாரத்தை மாற்றி எல்லா பாகங்களுக்கும் ஊட்டுவது இந்த எஸ்எம்பிஎஸ்தான். மலிவானது பழுதானால் சில சமயம் மதர்போர்டையும் சேர்த்துக்கொண்டு போகும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் முதலில் உறுதிப்படுத்த வேண்டிய வரி இது. எந்த நிறுவனத்தின் எஸ்எம்பிஎஸ், 80 பிளஸ் சான்று உண்டா என்று எழுதி வாங்க வேண்டும். யூபிஎஸ் இன்னொரு செலவு. வழக்கமான 600 விஏ யூபிஎஸ் தாங்குவது ஏறக்குறைய 360 வாட். அதன் பேட்டரியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிவரும். பழுது வந்தால் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒவ்வொரு வாரண்டி, ஒவ்வொரு சர்வீஸ் சென்டர். லேப்டாப் என்றால் ஒரே முகவரி. அலைய நேரமும் ஆளும் இல்லாத வீட்டுக்கு அந்த ஒரே முகவரி பெரிய வசதிதான்.

ஐந்தாவது குறையை நாம் குறையாகவே பார்ப்பதில்லை: தேவைக்கு மேல் வாங்குவது. ஓய்வு பெற்ற என் அப்பாவுக்குத் தேவை செய்தித்தாள், வங்கிக் கணக்கு, பேரப்பிள்ளைகளோடு வீடியோ கால். அவருக்கு ஐ7 வாங்கிக் கொடுப்பது பாசத்தைக் காட்டும், கண்ணுக்கு உதவாது. 24 அங்குல மானிட்டரும் எழுத்து பெரிதாகத் தெரியும் கீபோர்டும் வாங்கியிருந்தால் அந்தப் பணம் அவருக்குப் பயன்பட்டிருக்கும். டேலியில் கடைக்கணக்கு எழுதுகிற சின்ன வியாபாரிக்கு கேமிங் லேப்டாப்பின் கிராஃபிக்ஸ் கார்டு ஒரு வேலையும் செய்யாது. எடையும் சூடும்தான் மிச்சம்.

ஆறாவது, இயந்திரம் நன்றாக இருக்கும்போதே மென்பொருளின் காலம் முடிந்துவிடலாம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். 'ஐ7, 16 ஜிபி, மலிவு விலை' என்று விற்கும் செகண்ட் ஹேண்ட் மிஷின் ஆறாம் தலைமுறையாக இருந்தால் மூன்று எண்களிலும் தேறும், விண்டோஸ் 11-இல் தேறாது. லினக்ஸ் போட்டு நல்ல முறையில் பயன்படுத்தலாம். ஆனால் அதைத் தெரிந்து வாங்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழும். பிள்ளைகளின் தேவை நாளைக்கு என்னவாகும் என்று இன்றைக்கு எப்படிச் சொல்வது? சொல்ல முடியாததால்தானே பெரிய எண்ணாக வாங்கி வைக்கிறோம்? உண்மைதான். ஆனால் தேவை மாறும் என்பது தெரிந்தால், பெரிய எண்ணைவிட மாற்ற இடம் விடும் இயந்திரம்தான் பாதுகாப்பு. காலி ராம் ஸ்லாட் ஒன்று, இரண்டாவது எஸ்எஸ்டிக்கு இடம் ஒன்று இருந்தால், எதிர்காலத்துக்கான பணத்தை எதிர்காலத்தில் தரலாம்.

இன்றைய தேவையை ஊகிக்க வேண்டியதில்லை, அளந்தே பார்க்கலாம். வீட்டில் பழைய கம்ப்யூட்டர் இருந்தால், எப்போதும் செய்யும் வேலைகளையெல்லாம் ஒரு மாலைநேரத்தில் சேர்த்துத் திறந்து வையுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் மெமரி, டிஸ்க், சிபியு என்ற மூன்று பத்திகள் இருக்கும். எது நூறு சதவீதத்தை ஒட்டி நிற்கிறதோ அதுதான் உங்கள் வீட்டின் முட்டுக்கட்டை. அக்கா வீட்டில் பிறகு இதைச் செய்து பார்த்தோம். மாடல் திறந்ததும் மெமரி மேலே போய் ஒட்டிக்கொண்டது. சிபியு பாதியைக்கூடத் தொடவில்லை. பணத்தை எதில் போட வேண்டும் என்பதை அந்தத் திரையே சொல்லியது.

ஆகவே என் முடிவு இது: மூன்று எண்களை விட வேண்டாம், அவற்றின் இடத்தை மாற்ற வேண்டும். யார், எங்கே உட்கார்ந்து, எந்த மென்பொருளில் வேலை செய்யப் போகிறார் என்பது முதலில். எதைப் பின்னால் மாற்ற முடியும், பழுதானால் யாரிடம் போவது என்பது அடுத்து. எண்கள் அதற்குப் பிறகு, முழு மாடல் பெயரோடு. முதல் இரண்டுக்கும் பதில் தெரிந்தவருக்கு எண்கள் நல்ல கருவி. தெரியாதவருக்கு அவை தைரியம் மட்டுமே தரும்.

இந்த ஆண்டு அக்கா மகனுக்கு வாங்க வேண்டியிருந்தது. கடைக்குக் கிளம்பும்முன் அவனை உட்காரவைத்து, கல்லூரியின் சீனியர்களிடம் பேசி, நான்கு ஆண்டில் என்னென்ன மென்பொருள் வரும் என்று ஒரு தாளில் எழுத வைத்தவள் அக்கா மகள்தான். தாளின் அடியில் அவள் கையெழுத்தில் ஒரு வரி: 'ராம் ஸ்லாட் காலியா? கழற்றிக் காட்டச் சொல்லு.' கடையிலிருந்து அத்தான் எனக்கு அழைக்கவே இல்லை.