ஆர்வோ பார்ட்டின் மௌனம்

1968இல், சோவியத் ஆட்சிக்குட்பட்டிருந்த எஸ்தோனியாவின் தாலின் நகரில் ஆர்வோ பார்ட்டின் 'கிரேடோ' அரங்கேறியது. கிறிஸ்துவை அறிக்கையிடும் லத்தீன் சொற்கள் மேடையில் ஒலித்தமையால் அதிகாரிகள் சினந்தனர், படைப்பு தடைப்பட்டது. அடுத்த எட்டாண்டுகளில் அவர் இயற்றியவை மிகச் சிலவே. இம்மௌனத்தை ஆட்சியாளர் விதித்த தண்டனையென்றே பிரசங்க மேடையில் எடுத்தாள்வோர் உண்டு. நாம் அதனை முற்றிலும் ஏற்பதற்கில்லை.

கிரேடோவையே செவிமடுப்போம். பாக்கின் எளிய சி மேஜர் முன்னிசை, பன்னிரு சுர முறையின் பேரிரைச்சலில் சிதைந்து, பின்னர் மீள்கிறது. தாம் பயின்ற நவீன இசைமொழி தம் விசுவாசத்தைத் தாங்காதென அவரே அங்குக் கண்டுகொண்டார் எனலாம். எனவேதான் கிரெகோரியப் பாடல்களிடம் மாணவராய்ச் சென்றமர்ந்தார். தடை ஒன்றே காரணமாயின், அவர் நாட்டைவிட்டு வெளியேறிய 1980க்குப் பின்னரே புதிய இசை தோன்றியிருக்க வேண்டும். 'அலினாவுக்காக' என்னும் சிறு பியானோப் படைப்போ 1976இல், தடைசெய்தோரின் ஆட்சியிலேயே பிறந்தது.