சித்தூர்: ஒழுங்கும் மன்றாட்டும்

யூதர் தம் இறைவேண்டல் நூலைச் ‘சித்தூர்’ என்பர். ஒழுங்கு, வரிசை என்னும் பொருளுடைய எபிரேயச் சொல் இது. ஊர்ப்பெயரோடு ஒலியளவில் ஒத்திருப்பது தற்செயலே. இந்நூலைப் பக்திப் பாடல் தொகையாக மட்டும் கொண்டு மதிப்பிடுவது பொருந்தாது. இதன் அடிப்படை அலகு பாடலன்று, பொழுது.

துயிலெழுந்ததும் கூறும் ‘மோதே அனி’ என்னும் நன்றிமொழியில் இறைவனின் திருப்பெயர் இல்லை. ஆகவே கைகழுவுமுன்னரே அதனைக் கூறலாம் என்பர். கழிப்பிடம் சென்று மீண்டபின் கூறும் வாழ்த்தோ உடலின் துளைகளையும் குழிவுகளையும் அறிவோடு அமைத்தவனைப் போற்றுகிறது. அவற்றுள் ஒன்று அடைபட்டாலும் உயிர்வாழ்தல் அரிது என்னும் எண்ணம் அதில் வெளிப்படையாகவே உள்ளது. உடலைப் பற்றிக் கூச்சமின்றிப் பேசும் இவ்வாழ்த்து, நூலின் மிகச் சிறந்த பகுதிகளுள் ஒன்று. காலை, பிற்பகல், இரவு என மூவேளை வேண்டல்களும் இவ்வாறே நாளோடு பிணைந்துள்ளன.

எனினும், நாள்தோறும் ஒரே சொல்லை உரைப்பது மன்றாட்டாகுமா? இவ்வையம் மரபுக்குப் புறத்தே எழுந்ததன்று. வேண்டலை நிலைத்த கடமையாக்குவோனின் வேண்டல் மன்றாட்டாகாது என்னும் ரபி எலியேசரின் கருத்தை மிஷ்னாவே பதிவு செய்துள்ளது. தல்மூது இன்னும் கடுமையாக, வாழ்த்துகளை எழுதிவைப்போரைத் தோராவை எரிப்போருக்கு ஒப்பிடுகிறது. ஆயினும் எழுத்தே வென்றது. 9ஆம் நூற்றாண்டில் பாபிலோனியாவின் அம்ராம் காவோன் ஸ்பெயின் நாட்டு யூதருக்கு வேண்டல் ஒழுங்கொன்றை எழுதியனுப்பினார். அடுத்த நூற்றாண்டில் சாதியா காவோன் அரபுமொழி விளக்கங்களோடு மற்றொன்றைத் தொகுத்தார்.

எழுத்து வடிவம் பெற்றதனால் பாடம் ஒன்றாகிவிடவில்லை. கெய்ரோவின் பழைய தொழுகைக்கூடத்துக் கெனிசாவில், அதாவது திருப்பெயர் தாங்கிய பழுதுற்ற ஏடுகளை எறியாது இட்டுவைக்கும் அறையில், கிடைத்த ஏடுகளிலிருந்து நின்றுரைக்கும் வேண்டலாகிய ‘அமீதா’வின் பாலஸ்தீனப் பாடத்தை 1898இல் சாலமன் ஷெக்டர் வெளியிட்டார். பாபிலோனிய மரபுவழிப் பாடத்தினின்று அது வேறுபட்டிருந்தது. மேலும், வேண்டலைக் கேட்பவன் என இறைவனைப் போற்றும் அமீதாவின் பகுதியில், ஒருவர் தம் குறையைத் தம் சொற்களிலேயே சேர்த்துக்கொள்ள மரபு இடமளிக்கிறது. எலியேசரின் ஐயத்திற்கு இதுவே தக்க விடை. விரைந்து ஒப்பிப்போர் இவ்விடத்தையும் கடந்துசெல்வர் என்பது வேறு.

சொல்லின் நிலைபேறு எத்துணை வலுப்பெற்றது என்பதை 1945ஆம் ஆண்டு காட்டியது. மோர்தெகாய் கப்லான் ‘தெரிந்தெடுக்கப்பட்ட இனம்’ என்னும் கருத்தை நீக்கி ஓய்வுநாள் வேண்டல் நூலொன்றை வெளியிட்டார். நியூயார்க்கில் வைதிக ரபிகள் கூடி அவரை விலக்கிவைத்தனர். அக்கூட்டத்தில் நூல் எரிக்கப்பட்டது. தேய்ந்த சித்தூரையும் மண்ணில் புதைத்து மதிக்கும் மரபினரிடையே நிகழ்ந்தது அது.